சிறைக்கும் சட்டசபைக்கும் நடந்தவர்கள்: நெல்லைச் சீமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி, கல்லூரி ப்ராஜெக்ட், கோவில் கொடை மலர் என்று ஆளுக்கொரு காரணம். கேட்பது ஒன்றுதான். "அண்ணாச்சி, நம்ம பக்கம் ஜெயிலுக்குப் போன தியாகி ஒருத்தர் பொறவு எம்.எல்.ஏ. ஆனாராம்லா, அவரைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க." சொல்வேன். ஜெயில் கதையை ஆசை ஆசையாக எழுதிக்கொள்வார்கள். சட்டசபைக் கதைக்கு வந்ததும் பேனாவை மூடிவிடுவார்கள். எனக்கோ அந்த இரண்டாம் பாதியில்தான் ருசி. வருஷா வருஷம் ஒரே பதிலைச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால், மொத்தமாக இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

நெல்லைச் சீமை என்றால் எதுவரைக்கும்?

இன்றைய கணக்கில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மூன்று மாவட்டங்கள். தூத்துக்குடி பிரிந்தது 1986ல், தென்காசி பிரிந்தது 2019ல். பழைய ஆவணம் தேடுகிறவர் "தூத்துக்குடி மாவட்டம்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, எல்லாம் "திருநெல்வேலி ஜில்லா"வுக்குள்தான் கிடக்கும். இன்னும் பின்னால் போனால் 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) எல்லாமே இந்த ஜில்லாதான். அந்த வருஷம்தான் ராமநாதபுரம் ஜில்லா உண்டானது. 1903ல் பிறந்த காமராசர் அந்தக் கணக்கில் நெல்லை ஜில்லாக்காரர். இதை விருதுநகரில் வைத்துச் சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

செங்கோட்டை மட்டும் தனி. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்ப் பக்கம். 1911ல் மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் ஊர் அது. ஆனால் அந்த ஊர் மக்கள் சென்னைச் சட்டசபைக்கு முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1957 தேர்தலில்தான்.

சட்டசபையைப் பகிஷ்கரித்த காங்கிரஸ்காரர்கள் பிறகு ஏன் அதற்குள்ளேயே போனார்கள்?

போனார்கள், வெளியே வந்தார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், மறுபடி உள்ளே போனார்கள். "முதலில் போராட்டம், பிறகு பதவி" என்று நேர்கோடு போட்டால் கதை கெட்டுவிடும்.

1920ல் ஒத்துழையாமை வந்தபோது கட்சி சட்டசபைகளை ஒதுக்கியது. 1923ல் சுயராஜ்யக் கட்சி என்ற பெயரில் ஒரு பகுதியினர், உள்ளே போய் முட்டுக்கட்டை போடுவோம் என்று நுழைந்தார்கள். 1930ல் உப்புச் சத்தியாக்கிரகம், எல்லாரும் வெளியே. 1935 சட்டம் மாகாணங்களுக்குக் கொஞ்சம் அதிகாரம் கொடுத்ததும் 1937 தேர்தலில் நின்றார்கள். சென்னை மாகாணத்தில் 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. ராஜாஜி பிரதமர் ஆனார். அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றே சொல்வது வழக்கம்.

மந்திரிசபை இரண்டேகால் வருஷம்தான் இருந்தது. நம்மைக் கேட்காமல் இந்தியாவை யுத்தத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று 1939 அக்டோபரில் ராஜினாமா. அடுத்த வருஷமே தனிநபர் சத்தியாக்கிரகம். இன்ன நாள், இன்ன இடம் என்று அதிகாரிக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டு, அந்த நாளில் தெருவில் நின்று "இந்த யுத்தத்துக்கு ஆள் கொடுப்பதும் தப்பு, பணம் கொடுப்பதும் தப்பு" என்று சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் போலீஸ் வந்துவிடும். அப்படிப் போனவர்களில் பல பேர் நடப்பு எம்.எல்.ஏ.க்கள். 1937ல் சாத்தூரில் போட்டியின்றி ஜெயித்த காமராசர் 1940ல் வேலூர் ஜெயிலில் இருந்தார். உள்ளே இருக்கும்போதே அவரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்தவர் நேரே போய் அந்தப் பதவியை விட்டுவிட்டார்.

அப்போது யார் யார் ஓட்டுப் போட்டார்கள்?

1937லும் 1946லும் ஓட்டு எல்லாருக்கும் இல்லை. வரி கட்டியிருக்க வேண்டும், பட்டா இருக்க வேண்டும், அல்லது படித்திருக்க வேண்டும். கூலிக்கு நாற்று நட்டவருக்கும் உப்பளத்தில் வாரியவருக்கும் அதில் இடமில்லை. 1937ல் காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியுமல்லவா! "மஞ்சள் பெட்டிக்கே ஓட்டு" என்ற கோஷம் மாகாணம் முழுக்க ஓடியது.

1952ல்தான் 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. சில தொகுதிகளில் பொது இடம் ஒன்று, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடம் ஒன்று என்று இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல் பழைய பட்டியலைப் பார்ப்பவர்கள் "ஒரே தொகுதிக்கு எப்படி ரெண்டு எம்.எல்.ஏ., அச்சுப் பிழையா?" என்று என்னிடம் கேட்பார்கள். பிழையில்லை. 1962 தேர்தலுக்கு முன்பே அந்த ஏற்பாடு போய்விட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லாருக்கும் ஓட்டு வந்த அந்த முதல் தேர்தலில், ஜெயிலுக்குப் போன கட்சிக்கு ஜனங்கள் அப்படியே அள்ளிக் கொடுக்கவில்லை. 375ல் 152தான். தியாகத்துக்கு மரியாதை உண்டு, ஓட்டு வேறு கணக்கு என்று அன்றைக்கே காட்டிவிட்டார்கள்.

சோமயாஜுலு என்று ஒருவர் பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்?

எஸ்.என். சோமயாஜுலு, திருநெல்வேலிக்காரர். 1927ல் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை அகற்றச் சொல்லி நடந்த சத்தியாக்கிரகத்தை முன்னின்று நடத்தியவர்.

நீல் யார் என்று தெரிந்தால்தான் அந்தக் கோபம் புரியும். 1857 கிளர்ச்சியில் சென்னைப் படைப்பிரிவு ஒன்றை வடக்கே கொண்டுபோன தளபதி அவன். போகிற வழியெல்லாம் அகப்பட்டவர்களை மரத்துக்கு மரம் தூக்கில் போட்டுக்கொண்டே போனான். அதே வருஷம் லக்னோவில் குண்டடிபட்டுச் செத்தான். அவனுக்கு வீரன் என்று சென்னையின் பெரிய சாலையில் சிலை. எழுபது வருஷம் ஜனங்கள் அதன் அடியில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

1927ல் தெற்கத்திப் பையன்கள் சுத்தியலும் கோடாலியுமாக ரயிலேறிப் போனார்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துத் தொண்டர்கள்தான் அதிகம். முறை வைத்துக்கொண்டு போய்ச் சிலையை அடிப்பார்கள், கைதாவார்கள், மறுநாள் அடுத்த ஆட்கள். அந்தச் சமயம் சென்னைக்கு வந்த காந்தியிடம் கேட்டபோது, அகிம்சைக்குள் நடக்குமானால் சரி என்றார். சிலை அப்போது விழவில்லை.

விழுந்தது பத்து வருஷம் கழித்து, அதுவும் சுத்தியலால் அல்ல. 1937ல் ராஜாஜி மந்திரிசபை வந்ததும் ஒரு தீர்மானம், ஓர் உத்தரவு. சிலையைக் கழற்றி எழும்பூர் மியூசியத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சிறையா சட்டசபையா, எதால் ஆனது என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சிலையைத்தான் காட்டுவேன். பையன்கள் அடித்திருக்காவிட்டால் உத்தரவு பிறந்திருக்காது. உத்தரவு பிறக்காவிட்டால் அடித்த அடிக்குச் சிலையின் ஓரம் கொஞ்சம் உதிர்ந்ததுதான் மிச்சமாக இருந்திருக்கும்.

சோமயாஜுலு 1952ல் திருநெல்வேலித் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனார்.

1942ல் நம்ம பக்கம் என்னதான் நடந்தது?

"வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் ஆகஸ்ட் 8. மறுநாளிலிருந்து தலைவர்கள் எல்லாரும் உள்ளே. வெளியே இருந்தவர்கள் அவரவர் புத்திக்குப் பட்டதைச் செய்தார்கள். திருச்செந்தூர்ப் பக்கம் அது கடற்கரையோரமாகப் பற்றிக்கொண்டது. ஆறுமுகநேரி, குலசேகரப்பட்டினம், காயல்பட்டினம் எல்லாம் உப்பு விளையும் பூமி. உப்பளம் என்றால் அங்கே சர்க்காரின் முகம்.

செப்டம்பர் 20 விடியற்காலையில் குலசேகரப்பட்டினம் உப்பு ஆலைக்குள் ஒரு கூட்டம் நுழைந்தது. ஆயுதங்களைப் பறிப்பதுதான் நோக்கம். அந்தக் கைகலப்பில் லோன் என்ற உப்பு இலாகா அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை. பெரிய வழக்கறிஞர்கள், பெரிய தலைவர்கள் எல்லாரும் தலையிட்டு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1946ல் காங்கிரஸ் மறுபடி மந்திரிசபை அமைத்த பிறகு வெளியே வந்தார்கள். இங்கேயும் அதே சங்கதி: ஜெயில் கதவைத் திறந்தது ஒரு தேர்தல்.

"கொலை நடந்த போராட்டத்தைக் கொண்டாடலாமா?" என்று ஒரு டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் கொண்டாடுவதில்லை, நடந்ததைச் சொல்கிறேன். செத்தவருக்கும் வீடு வாசல் இருந்திருக்கும்.

கோசல்ராமுக்கும் மணிமுத்தாறு அணைக்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருப்பேன்.

கே.டி. கோசல்ராம் ஆறுமுகநேரிக்காரர். 1942 போராட்டத்தில் அந்தப் பக்கத்தின் முன்னணி ஆள், சிறை சென்றவர். பிறகு சட்டமன்ற உறுப்பினர். கடைசியில் 1977, 1980, 1984 என்று மூன்று முறை திருச்செந்தூரிலிருந்து மக்களவைக்குப் போனார். எம்.பி.யாக இருக்கும்போதே 1985ல் காலமானார்.

அவர் பிறந்த பூமியை ஒரு தடவை பார்த்தால் அணையின் அர்த்தம் விளங்கும். தாமிரபரணி வற்றாத ஆறு என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். உண்மைதான், ஆற்றங்கரையில் இருப்பவருக்கு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் கால்வாய்கள் தொட்ட இடமெல்லாம் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளையும். தொடாத இடம்? நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம் பக்கம் போய்ப் பாருங்கள். உடைமரமும் பனையும்தான். சாத்தான்குளம் தாண்டினால் தேரி. சிவப்பு மணல், காற்றடித்தால் கண்ணைத் திறக்க முடியாது. பத்து மைல் வடக்கே ஆறு ஓடும், இங்கே குடிக்க உப்புத் தண்ணீர்.

மலையிலிருந்து இறங்கும் மணிமுத்தாறு கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணியோடு சேர்ந்துவிடும். மழைக்காலத்தில் அதன் வெள்ளம் அப்படியே புன்னைக்காயல் கடலுக்குப் போகும். அதை மறித்துத் தெற்கே திருப்பினால் என்ன என்று விடாமல் கேட்டவர்களில் முதல் பெயர் கோசல்ராம். அணை 1950களில் எழுந்து, காமராசர் ஆட்சியில் முடிந்தது. உயரம் 118 அடி, கொள்ளளவு ஐந்தரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். காலையில் பேப்பரில் "பாபநாசம் 143, மணிமுத்தாறு 118" என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் தெருப் பெரியவர்கள் காபி குடிப்பார்கள்.

அணையிலிருந்து தெற்கே போகும் பெரிய கால்வாய்க்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் எண்பதடிக் கால்வாய். அதை நாலு ரீச்சாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் ரீச்காரருக்கு அணை கண்ணில் தெரியும். நாலாவது ரீச்காரருக்குப் பேப்பரில்தான் தெரியும். தண்ணீர் குறைந்த வருஷம் முன்னுரிமை யாருக்கு என்று இன்றைக்கும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்தில் சத்தம் கேட்கும். மூன்றாவது ரீச் விவசாயி ஒருவர் ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "அணை கட்டுனவரு தெக்கத்திக்காரரு. மடையத் தொறக்கவன் வடக்க இருக்கான்." அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒன்று, ஜெயிலில் களி தின்றவர் ஒருவரின் பெயரைச் சொல்லி எழுபது வருஷம் கழித்தும் தண்ணீருக்குச் சண்டை போடுகிறார்கள் என்றால் அவர் சட்டசபைக்குச் சும்மா போய்வரவில்லை.

எல்லாரும் காங்கிரஸ்காரர்கள்தானா?

இல்லை. திருநெல்வேலி பேட்டையில் 1896ல் பிறந்தவர் முகம்மது இஸ்மாயில். காயிதே மில்லத் என்றால் எல்லாருக்கும் தெரியும். 1920ல் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டு பி.ஏ. பரீட்சையை விட்டுவிட்டு வந்தவர். பிற்பாடு முஸ்லிம் லீகுக்குப் போனார். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவர் அவர்தான். நாடு பிரிந்த நாட்களில் அந்த நாற்காலியில் உட்கார எவ்வளவு நிதானம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, தமிழை ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று பேசினார். 1972ல் இறந்தார். பேட்டைப் பையன்களே பல பேருக்கு அவர் தங்கள் ஊர்க்காரர் என்று தெரியாது, சென்னையில் கல்லூரிப் பெயராகத்தான் தெரியும்.

அதே நிர்ணய சபையில் தூத்துக்குடி எம்.சி. வீரபாகுவும் இருந்தார். அரசியல் சட்டத்தின் கீழ் அவர் கையெழுத்தும் உண்டு.

வ.உ.சி. ஏன் எம்.எல்.ஏ. ஆகவில்லை?

சிறை அவரிடமிருந்து கப்பல், வக்கீல் சன்னது, உடம்பு மூன்றையும் பிடுங்கிக்கொண்டது. 1908 மார்ச்சில் அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் பிடித்தபோது நெல்லை ஊரே எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். 1912 கடைசியில் அவர் வெளியே வந்தபோது வாசலில் கூட்டம் இல்லை. 1936 நவம்பர் 18ல் தூத்துக்குடியில் காலமானார். மஞ்சள் பெட்டித் தேர்தலுக்கு அப்போது மூன்று மாதம் பாக்கி.

ஆகாதவர்கள் இன்னும் நிறைய. ஸ்ரீவைகுண்டத்து நல்லகண்ணு சுதந்திரம் வந்த பிறகும் நெல்லைச் சதி வழக்கில் ஏழு வருஷம் ஜெயிலில் இருந்தார். கம்யூனிஸ்டாக எத்தனையோ போராட்டம் பார்த்தார், சட்டசபைக்குள் உறுப்பினராகப் போனதேயில்லை. எம்.எல்.ஏ. ஆனவரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இவர்கள் விட்டுப்போவார்கள்.

சேரன்மாதேவி குருகுலத்தை இதில் ஏன் சேர்க்கிறீர்கள்?

விட்டுவிட்டால் பொய்யாகிவிடும் என்பதால். 1922ல் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தேசியக் கல்விக்காகத் தொடங்கிய குருகுலம் அது. காங்கிரஸ் பணம் ஐயாயிரம் ரூபாய் அதில் போட்டிருந்தது. பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தி என்று தெரியவந்ததும் மாகாணமே கொதித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்த ஐயர் மகளோடு போய்விட்டார். அந்த வருஷக் கடைசியில் பெரியார் காங்கிரசை விட்டு விலகினார். பூதப்பாண்டி ஜீவா கொஞ்ச காலம் அந்தக் குருகுலத்தில் இருந்தவர்தான். வெறுத்துப்போய் வெளியேறினார். 1952ல் அவர் வண்ணாரப்பேட்டை எம்.எல்.ஏ. ஆனார், சென்னை வண்ணாரப்பேட்டை.

கதர் கட்டி, சிறை சென்று, வீட்டில் மட்டும் திண்ணையில் ஒரு கோடு கிழித்து வைத்திருந்த ஆட்களும் அந்தத் தலைமுறையில் உண்டு. 1939லும் 1947லும் கோவில் நுழைவுச் சட்டங்கள் வந்தபோது அதே ஆட்கள் கைதூக்கி ஆதரிக்க வேண்டியிருந்தது. மனசு மாறிக் கைதூக்கினார்களா, கட்சி சொன்னதால் தூக்கினார்களா என்பது அவரவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் தெரியும்.

பெண்கள்?

பட்டியலில் குறைவு. 1957லும் 1962லும் திருநெல்வேலி எம்.எல்.ஏ. ராஜாத்தி குஞ்சிதபாதம் என்ற அம்மையார். வீட்டுக்காரர் ஜெயிலில் இருந்தபோது வயலையும் மாட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஆச்சிகளுக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

எங்கள் தாத்தாவும் ஜெயிலுக்குப் போனார் என்று சொல்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

முதலில் வீட்டுச் சுவரைப் பாருங்கள். சுதந்திரத்தின் வெள்ளி விழாவுக்கு, 1972ல், மத்திய அரசு தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் கொடுத்தது. எங்கள் வீட்டில் சின்னத் தாத்தாவுடையது நிலைப்படிக்கு மேலே ஆணியில் தொங்கும். பச்சைக் களிம்பு ஏறினால் ஆச்சி அதை இறக்கி, விளக்குக்குப் போடுகிற அதே புளியைப் போட்டுத் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்துச் சிங்கத்தின் மூக்கு மழுங்கிவிட்டது. "அதைத் தேய்க்கக் கூடாது ஆச்சி" என்றால், "வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு பளபளன்னு இருக்கும், இது மட்டும் பாசி புடிச்சிக் கெடக்கவா?" என்பாள்.

அதே வருஷம் ஆகஸ்ட் 15 முதல் தியாகி பென்ஷனும் வந்தது, ஆரம்பத்தில் மாதம் 200 ரூபாய். ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் மூன்று மாதம். சிறைச் சான்று இல்லாதவர், கூட இருந்த கைதியிடம் சான்று வாங்கிக் கொடுக்கலாம்.

சின்னத் தாத்தாவின் மனு ஓர் ஆபீசில் இரண்டு வருஷம் கிடந்து திரும்பி வந்தது. காரணம், ஜெயில் ரெஜிஸ்டரில் பெயரின் முதல் எழுத்து வேறு. அவர் வழியில் கைதானபோது அப்பா பெயரைக் கேட்ட ஏட்டு, காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். முப்பது வருஷம் கழித்து அந்த ஓரெழுத்தை யார் மாற்றுவது? பெல்லாரிக்குப் பக்கத்து அலிப்புரம் ஜெயிலில் கூட இருந்த ஒருவர் பின்னால் எம்.எல்.ஏ. ஆகி, அதுவும் முடிந்து சும்மா இருந்தார். சின்னத் தாத்தா பஸ்ஸேறிப் போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அந்த மனிதர் லெட்டர் பேடு எடுத்து, இவரும் நானும் ஒரே பிளாக், ஒரே களி, இவருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொடுத்தது நான் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பென்ஷன் வந்தது. எம்.எல்.ஏ. பதவி போன பிறகும் அவர் வீட்டுத் திண்ணையில் தினம் நாலு பேராவது இப்படி உட்கார்ந்திருப்பார்களாம்.

பட்டயம் இல்லையென்றால், 1973ல் தமிழக அரசு வெளியிட்ட தியாகிகள் பெயர்த் தொகுதிகளைப் பெரிய நூலகங்களில் பார்க்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். பெயரை நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள். அந்த ஏட்டுக்குக் காது எப்படிக் கேட்டதோ.

அவர்கள் சட்டசபையில் என்ன பேசினார்கள் என்று எங்கே படிப்பது?

சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் உண்டு. முதலில் கேள்வி நேரத்தைப் படியுங்கள். பெரிய உரைகளைவிட அங்கேதான் ஊர் தெரியும். இன்ன குளத்து மடை எப்போது பழுது பார்க்கப்படும், இன்ன ஊருக்குப் பாலம் உண்டா என்று கேட்டுக்கொண்டேயிருப்பார்கள். மந்திரி "பரிசீலனையில் உள்ளது" என்பார். அடுத்த கூட்டத்தொடரில் அதே கேள்வி மறுபடி வரும்.

தென்கோடியிலிருந்து ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போய் இதைக் கேட்டுவிட்டு வருவார்கள். 1952 முதல் சில வருஷம் சபை நடந்தது கோட்டையில்கூட இல்லை, இன்றைக்குக் கலைவாணர் அரங்கம் இருக்கும் இடத்தில்.

இந்தத் தலைமுறை எப்போது முடிந்தது?

1967 தேர்தலோடு என்று சொல்வது வழக்கம். தி.மு.க. வந்தது, காமராசரே விருதுநகரில் தோற்றார். நெல்லைக்கு அதில் ஒரு வேடிக்கை உண்டு. 1962 முதல் சபாநாயகராக இருந்தவர் சேரன்மாதேவிப் பக்கத்துச் செல்லபாண்டியன். நெல்லை வண்ணார்பேட்டையில் சிலையாக நிற்கிறாரே, அவர்தான். ஆட்சி மாறி அவர் இறங்கியதும் அந்த நாற்காலியில் ஏறியவர் ஸ்ரீவைகுண்டத்தில் ஜெயித்த சி.பா. ஆதித்தனார். கட்சி மாறியது, ஜில்லா மாறவில்லை. பிற்பாடு பி.எச். பாண்டியன், ஆவுடையப்பன், அப்பாவு என்று சபாநாயகர்கள் இந்தப் பக்கமிருந்தே வந்துகொண்டிருந்தார்கள். சண்டை போடத் தெரிந்த ஊர்க்காரனுக்குத்தான் சண்டையை விலக்கவும் தெரியும் என்று நாங்கள் பெருமை பேசிக்கொள்வோம்.

என் பையனுக்கு மாறுவேடப் போட்டி. பாரதி, வ.உ.சி. வேண்டாம், எல்லாரும் அதையே போடுகிறார்கள். இவர்களில் ஒருவராக அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். முண்டாசு, மீசை செலவு மிச்சம். கதர் வேட்டி, கதர்ச் சட்டை, தோளில் துண்டு. கையில் துப்பாக்கி, விலங்கு எதுவும் வேண்டாம், ஒரு மஞ்சப்பை கொடுங்கள். பைக்குள் மடித்த மனுக்கள் ஏழெட்டு இருக்கட்டும், ஒன்றிரண்டு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். சட்டைப் பையில் மூடி கழன்ற பேனா. வசனம் கேட்டால் "வந்தே மாதரம்" என்று ஒரு தடவை சொல்லட்டும், கை தட்டுவார்கள். பிறகு நடுவர் மேஜைக்குப் பக்கத்தில் போய், மனுவை நீட்டி, "மூணாவது ரீச்சுக்குத் தண்ணி எப்பம் வரும்னு எழுதிக் குடுங்க, நான் ஊருக்குப் போயிச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, பதில் வரும் வரைக்கும் நகராமல் நிற்கச் சொல்லுங்கள்.